யார் தலையில் வைத்துப் பார்த்தீர்கள்?

உறுப்பினர் ஒருவர் எழுத்துமூலம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் செயலாளர் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். கல்கத்தாவின் டாக்குரியாவில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பதினான்காவது விதி இது. எழுதியவன் நான். எனக்கு முந்தைய செயலாளர் யார் எதைக் கேட்டாலும் ‘தேக்சி’ என்பார். வங்காளத்தில் ‘பார்க்கிறேன்’ என்று அர்த்தம். பார்த்ததற்கு ஒரு பதிவும் கிடையாது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் கழித்தவனுக்கு அது எப்படிப் பொறுக்கும்? செயலாளரானதும் முதல் வேலையாக விதியை எழுதிப் பொதுக்குழுவில் வாசித்தேன். ஒரே ஒருவர்தான் எழுந்தார்.

“முப்பது நாள்ல தரலேன்னா என்ன சார் செய்வீய?”

“அப்படி ஒரு நிலைமை வராது” என்றேன்.

எழுந்தவர் இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருந்த எக்ஸ்ரே அக்கா. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அனுமதி கேட்காமல் எழுதினால் அதற்கும் ஒரு கடிதம் வரும். பாளையங்கோட்டைக்காரர். இருபத்திரண்டு வயதில் கல்கத்தா வந்து, ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்தவர். வங்காளம் சரளமாகப் பேசுவார், ஆனால் தாமிரபரணித் தண்ணீர் கலந்து. கட்டடத்து வங்காளிகளுக்கு அவர் தீதி, தமிழர்களுக்கு அக்கா. என்னைவிட நான்கு வயது இளையவர் என்றாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவரை எதிர்த்துப் பேசுவதுபோல் இருந்தது.

ஒல்லியான உடம்பு, கேன்வாஸ் ஷூ, பச்சை நிற லேடீஸ் சைக்கிள், கைப்பையில் தையல்காரர் வைத்திருக்கும் மஞ்சள் டேப். சைக்கிளில் போகிற யார் தலையிலாவது ஹெல்மெட் சரியாக உட்காராமல் இருந்தால் அவரால் அதைக் கடந்துபோக முடியாது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. அந்த ஆளை நிறுத்தி, வலது கையின் இரண்டு விரல்களைப் படுக்கவைத்துப் புருவத்துக்கு மேலே வைப்பார். ஹெல்மெட்டின் விளிம்பு அந்த இரண்டு விரலோடு முடிய வேண்டும். பிறகு தாடை வாரை அவிழ்த்துவிட்டு, “ஆட்டுங்க” என்பார். தலையைத்தான். வாரே இல்லாமல் ஆட்டும்போதும் ஹெல்மெட் தலையோடு போக வேண்டும். தன் வழியில் தனியாகப் போகக் கூடாது.

ஒரு நாள் லிஃப்டில் மேல்மாடி கோஷ் பாபு அக்காவிடம் மாட்டிக்கொண்டார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஹெல்மெட்டைப் பின்மண்டைக்குத் தள்ளி, நெற்றி முழுவதும் வெளியே தெரிய, கல்யாணத் தொப்பி வைத்த வங்காளி மாப்பிள்ளை மாதிரி நின்றார். அக்கா விரலை வைத்தார்.

“நாலு விரல் இருக்கு தாதா” என்றார் வங்காளத்தில். தாதா என்றால் அங்கே அண்ணன்.

“காற்று வேண்டாமா தீதி?”

“காற்று மூக்குக்குப் போதும். நெற்றிக்கு எதற்கு? ஆட்டுங்கள்.”

கோஷ் பாபு ஆட்டினார். ஹெல்மெட் சுழன்று காதுப்பக்கம் போனது. “பாருங்கள், நீங்கள் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்” என்று சொல்லி, பின்னால் உள்ள திருகை இறுக்கி, காதுக்குக் கீழே இரண்டு வாரும் சேரும் இடத்தைச் சரிசெய்து, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவு வைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். வாய் திறந்தால் ஹெல்மெட் உச்சியை லேசாக அழுத்த வேண்டுமாம். கோஷ் பாபு வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை நேரமும் அக்காவின் ஒரு கால் லிஃப்ட் கதவுக்கு நடுவில் இருந்தது. கீழே யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை முடிந்தது, காலை சைக்கிள் குழு தொடங்கியபோது. சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் மனைவிமாருமாக இருபது பேர். காலையில் டாக்குரியாவிலிருந்து கிளம்பி ஏரிக்கரைச் சாலைகளைச் சுற்றி, லேக் கார்டன்ஸ் பக்கம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவது. ஆஸ்பத்திரி வேலைக்கு முன்னால் அக்காவும் தன் சைக்கிளில் கூட வருவார். என் மனைவி கோமதி ஐம்பத்தாறு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டவள். குழுவில் யாரையும்விட நேராக ஓட்டினாள். இருபது பேருக்கும் சங்கமே ஹெல்மெட் வாங்கித் தருவது என்று தீர்மானம் ஆயிற்று. கொள்முதல் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்?

ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். மூன்று கடைகளில் கொட்டேஷன், ஒப்பீட்டு அட்டவணை, கமிட்டி ஒப்புதல். தரச் சான்று முத்திரை கட்டாயம் என்று ஒரு நிபந்தனை. ஒரே நிறம், ஒரே மாடல், ஒரே அளவு: மீடியம். இருபது தலைகள் இருந்தால் அவற்றின் சராசரி மீடியமாகத்தானே இருக்கும் என்று தீர்மானித்தேன். அப்போது அது சரியான தர்க்கமாகவே இருந்தது. வந்து இறங்கியதும் வழக்கப்படி ஒவ்வொன்றிலும் வெள்ளை எனாமல் பெயிண்டால் சொத்து எண் எழுத வைத்தேன். என் கிடங்கிலிருந்து எண் இல்லாமல் ஒரு முக்காலிகூட வெளியே போனதில்லை. ஹெல்மெட்டின் வெளிப்பக்கம் வளைவும் துளையுமாக இருந்ததால், உள்ளே தட்டையாக ஒரு லேபிள் ஒட்டியிருந்த இடத்தில் எழுதச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் விநியோகம். நான் பெயரைக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, ஹெல்மெட்டைக் கொடுப்பேன். எனக்கு மூன்றடி தள்ளி அக்கா நின்றுகொண்டு, வாங்கியவரை நிறுத்தி, “ஆட்டுங்க” என்பார். என் வரிசைக்குப் பின்னால் அவருடைய வரிசை. பதினோரு தலைகளில் ஆடியது. மூன்றில் ஏறவே இல்லை. கோஷ் பாபுவின் தலையில் அது மேலே வைத்த மூடிபோல நின்றது.

“ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தான் சார், முத்திரை இருக்கு” என்றார் அக்கா. “யாருக்கு நல்லதுன்னுதான் தெரியல.”

கோமதியின் முறை வந்தது. ஆட்டினாள். அசையவே இல்லை. எனக்கு ஒரு சின்ன வெற்றி. அக்கா அவளைச் சுற்றி வந்து பின்னால் பார்த்தார்.

“எப்படி ஆடும்? கொண்டைல மாட்டிக்கிட்டுல்லா நிக்கி. ஏ கோமதி, இது ஒன் தலைல இல்ல, கொண்டை மேல உக்காந்திருக்கு. பின்னாடி தூக்கி, முன்னாடி சரிஞ்சு, அதுவும் எண்ணெய் வச்ச தலை. ஒரு இடி இடிச்சா வழுக்கிட்டுப் போயிரும். கீழ எறக்கிப் பின்னல் போடு, பொறவு அளவு பாப்போம்.”

“முப்பது வருஷமா இந்தக் கொண்டைதான் அக்கா. பின்னல் போட்டா என் மூஞ்சி எனக்கே பிடிக்காது.”

“யாருக்குக் காட்டப் போற? ஏரில கெடக்க மீனுக்கா?”

கூடம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கியது. “அக்கா, கமிட்டி அப்ரூவ் பண்ணியாச்சு. வாங்கியாச்சு, நம்பரும் போட்டாச்சு. இனிமே மாத்த முடியாது.”

“எந்தக் கமிட்டி சார் தலைல வச்சுப் பாத்துது?”

“ஆட்சேபனை இருந்தா எழுத்துல குடுங்க” என்றேன்.

முப்பத்துநான்கு வருஷம் நான் சொன்ன வாக்கியம் அது. பேச்சை முடிப்பதற்காகவே இருக்கும் வாக்கியம். ஒருவர்கூட எழுத்தில் கொடுத்ததில்லை. மறுநாள் காலை செய்தித்தாளை எடுக்கப் போனபோது கதவடியில் ஒரு உறை கிடந்தது. உள்ளே கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில், ஒரே வரி:

‘செயலாளர் அவர்களுக்கு, சங்கம் வாங்கிய ஹெல்மெட்டை யார் தலையில் வைத்துப் பார்த்தீர்கள்?’

கீழே கையெழுத்து, தேதி, ‘விதி பதினான்கின்படி’ என்ற குறிப்பு.

வரவுப் பதிவேட்டில் எண் கொடுத்து, நிலுவைக் கோப்பில் வைத்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வரைவுகள் எழுதினேன். கொள்முதல் நடைமுறைகள் முறையாகப் பின்பற்றப்பட்டன என்று ஒன்று. தரச் சான்று குறித்து ஒன்று. உறுப்பினர்கள் தங்கள் சிகை அலங்காரத்தை ஹெல்மெட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்று. மூன்றும் நல்ல நடையில் அமைந்திருந்தன. மூன்றிலும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

முப்பது நாள் போனது. அதன் பிறகு மாதம் பிறந்தால் முதல் தேதி அவர் என்னைப் பிடிப்பார். ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக்காரியிடம் நான் பட்டோல் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது. துர்கா பூஜைப் பந்தல் வரிசையில், பாதிப் பேட்டையும் பார்த்திருக்க, அம்மன் முன்னால்.

“சார், பதில்?”

“பரிசீலனையில இருக்கு.”

“யாரு பரிசீலிக்கா?”

“நான்தான்.”

“சரி, நல்லாப் பரிசீலிங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நானும் கோபப்பட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் ‘அடுத்தவங்க வாங்க’ என்று கூப்பிடுகிற குரல் அது. வீட்டுக்கு வந்து கோமதியிடம் கத்துவேன். “ஒரு லைன் எழுதிக் குடுத்துட்டா என்னங்க?” என்பாள். அந்த ஒரு லைனில் என்ன எழுதுவது என்று மட்டும் அவள் சொல்லமாட்டாள்.

ஒரு காலை, ஏரிக்கரை பெஞ்சில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கோமதி இன்னொரு சுற்றுப் போயிருந்தாள். எதிரே ஒரு இளைஞர் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அக்கா பாதி எழுந்து, எட்டாது என்று உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எதுக்கு அக்கா இந்த வேலை?” என்று கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன்.

“படம் எடுக்கும்போது ‘அசையாதீங்க’ன்னு சொல்லணும் சார். முப்பத்தஞ்சு வருஷமா அதைத்தான் சொல்லுதேன். அசைஞ்சா படம் கலங்கிரும்.” குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். “தலைல அடிபட்டு வார சில பேர்ட்ட சொல்லவே வேண்டாம். அப்படிக் கொண்டாருவாங்க.”

பிறகு, “கோமதி வாரா, பாருங்க, கொண்டை ஹெல்மெட்ட எப்படித் தூக்கிக் குடுக்குன்னு” என்றார். நான் பார்க்கவில்லை.

மறு வருஷம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. ஏரிக்கரைச் சாலை ஓரத்தில் பாசி. கோமதி எனக்கு நான்கு சைக்கிள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முன்சக்கரம் வழுக்கியது. பெரிய வேகம் எதுவும் இல்லை. நின்றவாறே சாய்வதுபோலத்தான் சாய்ந்தாள். ஹெல்மெட்டின் பின்பக்கம் முதலில் கல்லில் இடித்தது. அந்த இடியில் அது கொண்டையைத் தாண்டி வழுக்கிக் கழுத்துப் பக்கம் போனது. பிறகு அவள் புரண்டாள். சாலை விளிம்புக் கல்லில் பட்டது வெறும் நெற்றி.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி அவளைத் தூக்கக் கையை நீட்டினேன். யாரோ என் கையைத் தட்டிவிட்டார்கள். அக்கா தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கோமதியின் தலையை இருபுறமும் பிடித்திருந்தார்.

“அசையாத கோமதி. அக்காதான். அசையாத.”

ஊரையெல்லாம் ஆட்டச் சொன்ன வாய் அது. அந்தச் சொல்லை அவர் ஒருவரிடம் சொல்லி நான் நேரில் கேட்டது அப்போதுதான். கோமதி அசையாமல்தான் இருந்தாள். சொன்னதால் அசையவில்லையா, சொல்ல வேண்டியதே இல்லாமல் அசையவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை தெரியவில்லை. அது வந்து நின்றபோதுதான் அவள் கண்ணைத் திறந்து, “செருப்பு எங்க போச்சு?” என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். படம் கைக்கு வந்ததும், டாக்டர் வருவதற்குள், அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எலும்பு சுத்தமா இருக்கு. உள்ளயும் ஒண்ணும் இல்ல. தோல்தான் சார்.” நெற்றியில் ஏழு தையல்.

அடுத்து வரப்போகும் வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். ‘நான் அப்பவே சொன்னேன்லா.’ அதற்கு என்னிடம் பதிலும் தயாராக இருந்தது. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. “அந்த ஹெல்மெட் எங்க?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்து ஹாக்ஸா பிளேடு கேட்டார்.

“எதுக்கு?”

“அறுக்கதுக்கு. ஒரு தடவ இடிபட்ட ஹெல்மெட் அவ்வளவுதான். வெளிய பாத்தா முழுசா இருக்கும். யாராச்சும் எடுத்து மாட்டிக்கிட்டா?”

“அக்கா, அது சங்கச் சொத்து. கழிவு செய்யணும்னா மூணு பேர் கமிட்டி போட்டு, அறிக்கை வாங்கி, பதிவேட்டுல...”

அதற்குள் பால்கனியில் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கியிருந்தார். வெள்ளை நுரைத் தூள் துணிக்கொடி, துளசித் தொட்டி, என் வேட்டி எல்லாவற்றிலும். இரண்டாக அறுத்து எனக்கு நீட்டினார். உள்ளே நுரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் பக்கத்தில் என் சொத்து எண். அறுபட்டதில் பெயிண்ட் உரிந்து, அடியில் இருந்த லேபிள் தெரிந்தது. ஹெல்மெட்டில் பெயிண்ட் எதுவும் படக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த எச்சரிக்கையின் மேல்தான் இருபது ஹெல்மெட்டிலும் எண் எழுத வைத்திருந்தேன்.

அக்கா அந்த லேபிளை ஒரு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி என் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தையல் பிரித்த வாரம் எங்கள் இருவரையும் பவானிபூரில் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனார். கோமதி கொண்டையை அவிழ்த்து, கழுத்துக்குக் கீழே பின்னல் போட்டு வந்திருந்தாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, “தீதி, இது ஃப்ரீ சைஸ்” என்றார்.

“எந்தத் தலை ஃப்ரீ சைஸ்? காட்டுங்கள் பார்ப்போம்” என்றார் அக்கா வங்காளத்தில்.

டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துச் சுற்றி அளந்தார். பிறகு ஒவ்வொன்றாக மாட்டி, விரல் வைத்து, ஆட்டி, வாய் திறக்கச் சொல்லி, பத்து ஹெல்மெட்டைத் தள்ளினார். இரண்டு மணி நேரம். கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோராவது ஹெல்மெட் கோமதியின் தலையில் ஏறியபோது அக்கா இரண்டு கையாலும் அதை முன்னும் பின்னும் உலுக்கினார். ஹெல்மெட்டோடு கோமதியின் நெற்றித்தோலும் சேர்ந்து அசைந்தது. “இதுதான்” என்றார்.

பிறகு டேப்பை என் பக்கம் திருப்பினார். நான் மறுத்தேன். கோமதி பார்த்தாள். தலையைக் கொடுத்தேன்.

“உங்களுக்குச் சின்ன அளவு சார்.”

“சின்னதா?”

“தலை சின்னது. டேப்புதான் சொல்லுது, நான் சொல்லல.”

கோமதி கடை வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். அதனால் சின்ன அளவையே வாங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் மற்றவர்களையும் அணி அணியாகப் பவானிபூருக்கு அழைத்துப் போனார். சங்கத்துக்கு விற்ற கடை பழைய ஹெல்மெட்டுகளைத் திரும்ப எடுக்க மறுத்தது. எண் எழுதிய சரக்கை யார் எடுப்பார்கள்? பத்தொன்பது முழு ஹெல்மெட்டும் இரண்டு பாதியும் கூடத்து அலமாரியில் வரிசை எண்படி நின்றன. சாவி என்னிடம். யாரும் எடுத்துவிடவில்லையே என்று அக்கா மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார். கடிதத்தைப் பற்றி மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். கோமதி விழுந்த நாளோடு நிறுத்திவிட்டார். மாதம் முதல் தேதி காய்கறிக்காரியிடம் எனக்கு எதிரே வந்தால், பட்டோல் என்ன விலை என்று கேட்பார். அதைவிட ‘பதில்?’ என்று கேட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்று, தம்பி குடும்பத்தோடு இருக்கப் பாளையங்கோட்டைக்குப் போனார். ஹவுராவில் ரயில் ஏற்றிவிடப் போனோம். பச்சை சைக்கிள் பார்சலில். ஹெல்மெட் மட்டும் கையில், துணிப்பையில். “பார்சல்ல போட்டா எங்க இடிபடும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். கோமதியிடம், “எண்ணெய் கம்மியா வை. பின்னலக் கீழ போடு. மாட்டும்போதெல்லாம் ஆட்டிப் பாரு” என்றார். என்னிடம், “வாரேன் சார்” என்றார். ரயில் நகரும்வரை காத்திருந்தேன். ‘பதில்?’ என்று அவர் கேட்கவில்லை.

போன வருஷம் செயலாளர் பொறுப்பைக் கைமாற்றினேன். புதிய செயலாளர் திருச்சியிலிருந்து வந்து இங்கே ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண். பொறுப்பு ஒப்படைப்புப் படிவமும் நான் உருவாக்கியதுதான். அதில் ஒரு கட்டம்: ‘பதில் தரப்படாத கடிதங்கள்’. இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதானே அங்கிள்? அவங்கதான் இப்ப மெம்பரே இல்லையே. க்ளோஸ்டுன்னு போட்டுடலாம்.”

“போட முடியாதும்மா.”

“ஏன்?”

“பதில் தெரிஞ்ச கேள்வி.”

அன்று சாயங்காலம் சங்கத்தின் கடிதத்தாளை எடுத்தேன். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி எழுதிவிட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: ‘தங்கள் கடிதத்துக்குப் பதில்: யார் தலையிலும் வைத்துப் பார்க்கவில்லை.’ கோமதி வாசித்தாள். நெற்றித் தழும்பைத் தடவியபடி, “இதுக்கா இவ்வளவு வருஷம்?” என்றாள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

அட்டை திரும்பி வந்தது. பாளையங்கோட்டை முத்திரை. கையெழுத்துக்கான கட்டத்துக்கு வெளியே நிறைய வெற்றிடம் இருந்தது. ‘நான் அப்பவே சொன்னேன்லா’ என்பதைத் தாராளமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கட்டத்துக்குள் அந்தக் குண்டு எழுத்தில் கையெழுத்து, அதன் கீழே அவர் கையாலேயே போட்ட தேதி. காலண்டரை எடுத்துச் சரிபார்த்தேன். முப்பது நாளில் சேர வேண்டிய பதில், வருஷக்கணக்கில் பிந்தி, போன வருஷக் காளி பூஜைக்கு முந்தின வியாழக்கிழமை சேர்ந்திருந்தது.